ஆம்புரோஸ் பார்த்த படகுகள்

கவிழ்த்துப் போட்ட படகின் அடிப்பலகையில் பேனாக்கத்தியின் முனையை வைத்து அழுத்துவார் ஆம்புரோஸ். முனை உள்ளே இறங்கினால் பலகை உளுத்துவிட்டது. இறங்காவிட்டால் விரல்முட்டியால் தட்டி, மணலில் மண்டியிட்டுக் காதை வைத்துக் கேட்பார். புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் அவர். நோயாளியின் நெஞ்சைக்கூட இவ்வளவு நேரம் தட்டிப் பார்த்ததில்லை என்பாள் மனைவி டோரின்.

மலாய் நாட்டு அவசரகாலத்தின் நான்காவது வருஷம் அது. தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி. ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பொட்டலம் சோறுகூட வெளியே விடுவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் இருவரும் கட்டுச்சோறு இல்லாமல் போர்டிக்சன் கடற்கரைக்கு பஸ் ஏறுவார்கள். சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் தங்கள் சின்னப் பாய்ப்படகுகளை அங்கே விற்றுவிட்டுப் போவார்கள். ஆம்புரோஸ் எல்லாவற்றையும் பார்ப்பார். எதையும் வாங்கமாட்டார்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்ளோ பாக்கலையே லா!" என்றாள் டோரின் ஒருநாள்.

"ஒன்னைப் பாத்தது எங்கண்ணன். நான் தலைய மட்டும் ஆட்டினேன்."

பொய்யில்லை. அண்ணன் டொனால்ட்தான் அவருக்குச் சட்டைத்துணி எடுத்தவன், வேலை தேடித் தந்தவன். சப்பான் சண்டைக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஓட்டிய பழைய படகைத் தேடிப் பிடித்தவனும் அவனே. சாயங்காலம் அலையில் நனைந்து திரும்பும்போது டொனால்ட் வாய்விட்டுப் பாடுவான். கரையில் நிற்பவர்களுக்குக்கூடக் கேட்கும். சப்பான்காரன் அவனைச் சயாம் ரயில்பாதை போடும் வேலைக்கு இழுத்துப்போனான். அவன் திரும்பவில்லை. அவன் போன பிறகு யாரோ படகை உடைத்து அடுப்பெரித்துவிட்டார்கள்.

அந்த ஞாயிறு கரையில் இரண்டு படகுகள் நின்றன. ஓர் அதிகாரியின் வெள்ளைப் படகில் புது வர்ணத்துக்கடியில் கத்தி வெண்ணெயில் போல இறங்கியது. மற்றது மலாய் மீனவர் பாக் டின்னுடையது, பாயெல்லாம் ஒட்டு. ஆனால் கத்தி இறங்கவில்லை. ஆம்புரோஸ் தட்டினார், கேட்டார், மூன்று முறை சுற்றி வந்தார்.

"நாளைக்கு ரஹாங்லேருந்து ஒருத்தர் பாக்க வர்றாராம்," என்று பாக் டின் சொன்னதை டோரின் அவர் காதில் போட்டாள். "இதுல என்ன கொறை?"

"ஒண்ணுமில்ல."

"அப்புறம்?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அண்ணன் இருந்தா டக்குனு சொல்லிருப்பான்."

"அவரு வரமாட்டாருங்க." சொன்ன வேகத்திலேயே டோரினுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

ஆம்புரோஸ் கோபப்படவில்லை. கத்தியை மடக்கிப் பையில் போட்டார். பாக் டின்னிடம் திரும்பி, "சாயா அம்பில்," என்றார். எடுத்துக்கொள்கிறேன்.

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மூவருமாகப் படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு டோரின் தட்டுத்தடுமாறி ஏறி உட்கார்ந்தாள். பாய் காற்றைப் பிடித்துப் புடைத்தது. ஆம்புரோஸ் பாய்க்கயிற்றைத் தன் கையில் சுற்றினார். கொஞ்சதூரம் போனதும் அதை அவிழ்த்து டோரினின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.