என் பக்கத்துக் கடிகாரம்

ஆன்லைன் செஸ்ஸில் என்னைப் பார்த்திருந்தால் பெரிய சூரன் என்றே நினைத்திருப்பீர்கள். நாலாவது மூவிலேயே ராணியை வெளியே இழுத்துவிடுவேன். குதிரை போனால் போகட்டும், யானை போனால் போகட்டும், எதிராளியின் ராஜாவை மூச்சுவிட விடக்கூடாது. இந்த முரட்டு ஆட்டத்தில் என் ரேட்டிங் ஒரு வாரம் ஏறும், மறுவாரம் தொபுக்கென்று விழும். ஏறினால் என் மூளை. விழுந்தால் மோடம் சரியில்லை.

அந்த மோடம் ஃபோன் லைனிலேயே ஓடுவதால் ஒக்கலிபுரம் வீட்டு ஃபோன் எப்போதும் எங்கேஜ்டு. ஆம்பூரிலிருந்து மாமியார் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போவார். "அப்படி என்னதாங்க இருக்கு அதுல?" என்று மனைவி கேட்டால், "ஒருநாள் நேர்ல வந்து பாரு, தெரியும்" என்பேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சர்ச் ஹாலில் ஞாயிற்றுக்கிழமைப் போட்டி. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள், மகராசி. நிஜக் கடிகாரம் வைத்து நான் ஆடுவது அதுதான் முதல்தடவை என்று அவளிடம் மூச்சுவிடவில்லை. காயை நகர்த்தியதும் நம் பக்கத்துப் பொத்தானை நாமே அழுத்த வேண்டும்; அப்போதுதான் நம் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். கம்ப்யூட்டரில் இதெல்லாம் தானாக நடக்கும்.

எதிரே ஸ்வெட்டர் போட்ட ஒரு கன்னடக்காரர். நான் இரண்டு தடவை மறந்தபோதும், "சார், க்ளாக்" என்று அவரே காட்டிக்கொடுத்தார். பிறகு ஆட்டம் சூடுபிடித்தது. என் ராணி பாய்ந்தது. அவர் ராஜா எங்கே ஓடினாலும் அடுத்த மூவில் மேட். மனிதர் கையைக் கட்டிக்கொண்டு பலகையையே பார்த்தார். காயைத் தொடவில்லை. தோற்கப்போகிறவன் சும்மா உட்கார்ந்து நேரத்தை ஓட்டுவது ஆன்லைனில் சகஜம். நானே செய்திருக்கிறேன். தவிக்கட்டும் என்று எழுந்து வெளியே போனேன்.

வாசலில் மனைவிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

"முடிஞ்சுதாங்க?"

"முடிஞ்ச மாதிரிதான். ஒத்துக்க அந்தாளுக்கு மனசு வரல. நீ நிதானமா குடி."

"அம்மாகிட்ட சொல்லணும்ங்க" என்றாள். முகமெல்லாம் பெருமை.

அவளையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தால், என் பக்கத்துக் கடிகாரத்தில் சிவப்புக் கொடி விழுந்து கிடந்தது. நேரம் தீர்ந்தால் விழுகிற கொடி. ராணியை வைத்த ஜோரில் பொத்தானை அழுத்தவே இல்லை நான். டீ குடித்ததெல்லாம் என் நேரத்தில். "எரடு சல ஹேள்தெ சார்" என்றார் அவர். இரண்டு தடவை சொன்னாராம். வாஸ்தவம்தானே! பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். சீ என்றாகிவிட்டது.

பஸ் பிடித்து வீடு திரும்பினோம். வீட்டுக்குள் நுழையும்போதே ஃபோன் அடித்தது. "அதிசயமா லைன் கிடைச்சிருக்கே!" என்று மாமியார் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. போட்டி பற்றி மனைவி முன்னமே சொல்லியிருந்தாள்; மாப்பிள்ளை ஆட்டம் என்னாச்சு என்று கேட்டிருப்பார் போல. மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள்.

"ஜெயிச்சிட்டார்மா" என்றாள். "எல்லாரும் அசந்துட்டாங்க."

பொய் சொல்லத் தெரியாதவள் அவள். ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டு, புடவைகூட மாற்றாமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை" என்றார் மாமியார். "இத்தனை நாளா லைன் கிடைக்கலையேன்னு திட்டிக்கிட்டிருந்தேன். இனிமே திட்ட மாட்டேன்."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் அத்தை" என்றேன்.