முடிச்சுப் போட்ட தலையணைகள்

அண்ணி முதன்முதலில் உருப்படியாகச் செய்த தலையணையில் யானைகள் இருந்தன. தும்பிக்கையில் பலூன் பிடித்த நீல யானைகள். குழந்தைகளுக்கான போர்வைத் துணி அது. விருத்தாசலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், கடையைக் காலி செய்கிறோம் என்ற பலகையை மாட்டிக்கொண்டே பல வருடங்களாக நடக்கும் தள்ளுபடிக் கடை ஒன்று இருக்கிறது. அங்கே யாரும் தொடாத ஒரு குவியலிலிருந்து அண்ணி அதை உருவி எடுத்து வந்திருந்தார். அண்ணன் அதில் சாய்ந்துகொண்டு, "யானை மேல உக்காந்திருக்கேன், பாத்தியா" என்றான். சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்கும்வரை நானும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அண்ணன் இளவயதிலிருந்தே பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தவன். வெள்ளைக் கல்லை அரைத்து மாவாக்கும் இடம் அவனுடையது. வீட்டுக்கு வரும்போது இமை மயிர்கூட வெளுத்திருக்கும். மூக்கைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொள்வான், அதுதான் பாதுகாப்பு. இருமல் தொடங்கியபோது காச நோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், என்னையும் அண்ணியையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். நுரையீரலில் தூசி படிந்து இறுகிவிட்டது, மருந்தால் மூச்சைக் கொஞ்சம் லேசாக்கலாம், உள்ளே போனதை வெளியே எடுக்க முடியாது என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "படுக்க முடியலன்னு சொல்றாரே, அதுக்கு என்னா பண்றது?"

அந்தக் கேள்விக்கு அவரே கண்டுபிடித்த பதில்தான் தலையணைகள். மல்லாந்தால் அண்ணனுக்கு மூச்சு முட்டியது. முதுகுக்குப் பின்னால் உயரமாக ஏதாவது வேண்டும். அண்ணிக்குத் தையல் தெரியாது. கையால் தைத்துப் பார்த்த உறை அவன் சாய்ந்த வேகத்தில் ஓரத்தில் பிரிந்தது. இலவம்பஞ்சு வாங்கி அடைத்தார். அதன் பொடி அவன் மூச்சில் ஏறி அன்று முழுவதும் அவன் பட்ட பாட்டைப் பார்த்து, பஞ்சை அப்படியே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டிவிட்டு வந்தார். அதன்பிறகுதான் போனில் யாரோ ஒரு பெண் ஊசியே இல்லாமல் தலையணை செய்வதைப் பார்த்திருக்கிறார்.

செய்முறை எளிது. ஒரே அளவில் இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் சின்னச் சதுரமாக வெட்டி எறிந்துவிட்டு, ஓரம் முழுக்க விரல் நீளத்துக்குக் கத்தரித்து வால் வாலாக விட வேண்டும். மேல் வாலையும் கீழ் வாலையும் சேர்த்து இரட்டை முடிச்சு. மூன்று பக்கம் கட்டியதும் உள்ளே அடைத்து நான்காவது பக்கத்தையும் கட்டினால் தீர்ந்தது. பருத்தித் துணியென்றால் வெட்டிய இடத்தில் நூல் பிரிகிறது என்று இரண்டொரு துணியைப் பாழாக்கியபின் தெரிந்துகொண்டார். மொசுமொசுவென்று இருக்கும் போர்வைத் துணிதான் சரி. அதுதான் அந்தக் கடையில் மலிவும்கூட.

நான் வேப்பூரில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போவேன். ஒவ்வொரு முறையும் கட்டிலில் புதிதாக ஒரு நிறம் கூடியிருக்கும். மஞ்சள் பூ, சிவப்புக் கட்டம், புலித்தோல் புள்ளி. இவ்வளவு பகட்டு எதற்கு என்று ஒருநாள் அண்ணியிடம் கேட்டேன். "ஃபாதர் நன்மை அப்பம் குடுக்க வராரு, சொந்தக்காரங்க வராங்க. வந்தவங்க கண்ணு மொதல்ல துணி மேல போவட்டும். அப்புறம் அவரப் பாக்கட்டும்" என்றார். உண்மையில் வருகிறவர்கள் அப்படித்தான் செய்தார்கள். வாசலில் நின்று, "அட, நல்லாருக்குதே, எங்க வாங்கினீங்க" என்பார்கள். அதற்குப் பிறகு என்ன பேசுவதென்று அவர்களுக்கும் தெரியாது.

நாள் போகப்போக உயரம் போதவில்லை. அண்ணி முடிச்சுகளை அவிழ்த்து இன்னும் அடைத்துக் கட்டுவார். அடைப்பதற்குப் பழைய சேலைகளைத் துவைத்துக் காயவைத்துக் கிழித்தார். பழையவை தீர்ந்ததும் நல்லவற்றில் கை வைத்தார். ஒருநாள் நான் இருக்கும்போதே அண்ணன் அதைப் பார்த்துவிட்டான்.

"அது மாதா திருநாளுக்கு எடுத்த சேலையாச்சே. அத ஏன் கிழிக்கிற?"

"கட்டிக்கிட்டு எங்க போவப் போறேன்? உங்க முதுவுக்கு மெத்துன்னு இருக்கட்டும்."

அண்ணன் மூச்சை இழுத்துக்கொண்டான். அவனுக்கு ஒரு வாக்கியம் பேசினால் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு அப்புறம் என்னா கட்டுவ?" என்றான். அண்ணி கிழிப்பதை நிறுத்தவில்லை. துணி கிழியும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசி வாரங்களில் பின்னால் சாயவும் முடியவில்லை. மடியில் தலையணைகளை அடுக்கி, அவற்றின்மேல் கைகளைப் போட்டு, முன்பக்கமாகக் கவிழ்ந்தபடியே இருந்தான். அப்படியேதான் ஒரு மத்தியானம் போனான். அண்ணி கஞ்சியோடு வந்து தோளைத் தொட்டபோதுதான் தெரிந்திருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது அவனைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கால் நீட்டி, மல்லாந்து, தட்டையாக. அவன் அப்படிப் படுத்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு கணம், பயந்துபோய், யாராவது தூக்கி உட்கார வையுங்களேன் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

தலையணைகளை என்ன செய்வது என்று நாங்கள் யோசிக்கும்படி ஆகவில்லை. காரியமெல்லாம் முடிந்த சில நாட்களில் அதே தெருவில் இருக்கும் ஒரு அம்மா வந்தார். அவர் வீட்டுக்காரரும் அண்ணனோடு அதே அரவையில் நின்றவர். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவருகிலேயே நின்றார்.

"அவருக்கும் இப்ப படுத்தா மூச்சு வாங்குது. நீங்க ஏதோ தலவாணி பண்ணீங்களாமே. எப்படின்னு சொன்னீங்கன்னா நானும் பண்ணிக்குவேன்."

அண்ணி எழுந்து உள்ளே போய், மீதமிருந்த துணியையும் கத்தரிக்கோலையும் எடுத்துவந்து தரையில் விரித்தார். அந்த அம்மாவும் எதிரே உட்கார்ந்துகொண்டார். மூலை வெட்டுவது, வால் கத்தரிப்பது, முடிச்சுப் போடுவது எல்லாவற்றையும் அண்ணி நிதானமாகக் காட்டினார். அந்த அம்மா கெட்டிக்காரி, சீக்கிரம் பிடித்துக்கொண்டார். மூன்று பக்கம் முடித்து, அடைத்து, நான்காவது பக்கத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கத் தொடங்கினார்.

அண்ணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்தப் பக்கம் மட்டும் லேசா கட்டுங்க" என்றார். "இன்னும் ஒசத்த வேண்டி வரும்."