தங்கச்சியின் பத்தொன்பது விநாடி

சித்தியின் மகள் எனக்கு அந்தக் கிளிப்பை அனுப்பியது ஒரு வெள்ளிக்கிழமை, நான் வேலையில் மதியச் சாப்பாட்டுக்கு எழும்பிய நேரம். கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "அக்கா, அம்மா பாக்க முந்தி இதை நெட்டில இருந்து எடுக்கேலுமா?"

அவளுக்குப் பதின்மூன்று வயது. பக்கத்து ஊரான பிக்கரிங்கில் இருக்கிறாள். மூன்று கிழமைக்கு முன்புதான் அவளுடைய சாமத்திய வீட்டை, பெரியபிள்ளையான சடங்கை, ஸ்காபரோவில் ஒரு விழா ஹோலில் பெரிதாகச் செய்தார்கள். அதன் வீடியோவைத் தொகுத்துக் கொடுத்தது நான். கிளிப்பில் அவள் பட்டுச்சேலையும் தலை நிறைய நகையுமாகக் கதிரையில் இருக்கிறாள். பெண்கள் ஆராத்தித் தட்டோடு வருகிறார்கள். அவளுடைய முகம் மட்டும் மங்கலாக்கப்பட்டிருக்கிறது. மேலே ஒரு ஆணின் ஆங்கிலக் குரல். ஒரு பெண்ணின் விலை எந்த வயதில் ஏறும், எந்த வயதில் விழும் என்று, பழைய கார் விற்பவரைப் போல நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறது. மொத்தம் பத்தொன்பது விநாடி. கீழே இருந்த கருத்துகளை நான் பாதிவரைதான் வாசித்தேன்.

முகத்தை மறைத்து என்ன பயன்? அவளுடைய வகுப்பிலிருந்து ஆறு பேர் அன்று ஹோலுக்கு வந்திருந்தார்கள். சேலையின் நிறமே போதும். வயிற்றுக்குத்து என்று தாய்க்குச் சொல்லிவிட்டு இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, திங்கட்கிழமையும் போகமாட்டேன் என்று எழுதினாள். அதற்குப் பிறகும் போவாளா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. ஏதாவது உடைந்தால் பட்டியல் போடுவேன். அன்றும் போட்டேன். ஒன்று, கிளிப்பின் பிரதி ஒன்றைச் சேமித்து வை. இரண்டு, முறைப்பாடு செய். மூன்று, லிங்க்கை மூடு. நான்கு, யார் செய்தது. நான்காவதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

முழு வீடியோவையும் ஏற்றிய அந்த லிங்க் என்னுடைய பிழை. மட்டக்களப்பில் இருக்கும் மாமாவுக்குக் கடவுச்சொல் போட்டுத் திறக்கத் தெரியாது என்பதற்காக, யாரும் பார்க்கக்கூடிய மாதிரி விட்டிருந்தேன். யாரோ அதிலிருந்து வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சொன்னால் வெட்கம், அந்த நினைப்பு கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. என் பிழை என்றால் என்னால் திருத்த முடியும்.

மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் பதினோராவது விநாடி கண்ணில் பட்டது. தங்கச்சி புறங்கையால் மூக்கைத் துடைக்கிறாள். என் கணினியில் பார்த்த சித்தி அந்த இடத்தை வெட்டச் சொல்லிக் கேட்டிருந்தார், நானும் வெட்டியிருந்தேன். லிங்க்கில் போட்ட வீடியோவில் அது இல்லை. முதலாவது பிரதியில் மட்டும்தான் இருந்தது. அந்தப் பிரதி இரண்டே பேரிடம் இருந்தது. ஒன்று நான். மற்றது, பாட்டுத் தெரிந்தெடுத்துத் தந்த என் தம்பி.

மேசையில் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

தம்பிக்குப் பதினைந்து வயது. தங்கச்சியின் சைக்கிள் செயின் கழன்றால் பஸ் ஏறிப்போய்ப் பூட்டிக் கொடுக்கிறவன். வேறு எவனாவது என்றால் எனக்குக் கோபம் வந்திருக்கும். வந்தது பயம். பின்னேரம் எங்கள் வீடு இருக்கும் மல்வேர்னுக்கு வரும் பஸ்ஸில் இருந்து, அதுவரை நான் எழுதாமல் விட்ட பட்டியலை மனதில் எழுதினேன். தம்பி சாப்பிட்ட கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டு, "அம்மா, உது உங்கட டிபார்ட்மென்ட்" என்று சிரித்தது. "அக்கா, இருபத்தேழு வயசு முடியுது, கவனம்" என்று எனக்குச் சொன்னது. அப்பா அதற்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பகிடி எதையும் அவன் சொல்லவில்லை. அதனால்தான் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

அடுத்த நாள் அம்மா வேலைக்குப் போகும்வரை காத்திருந்தேன். அவன் குசினியில் சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போனை அவன் முன்னால் வைத்தேன். மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"நான்தான் செய்தனான். ஆனா முகத்தை ப்ளர் பண்ணினனான் தானே."

அவனுடைய பள்ளிக்கூடப் பெடியன்களின் குறூப்பில் ஒவ்வொருவரும், இணையத்தில் பேசும் அந்த ஆளின் குரலோடு, தன் தன் வீட்டிலிருந்து ஒரு கிளிப் போடவேண்டுமாம். தான் போட்டதற்குத்தான் ஆகக் கூடச் சிரிப்பு விழுந்ததாம். அதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. கிளிப்பில் பேசும் அந்த ஆள் சொல்வதை நம்புகிறாயா என்று கேட்டேன்.

"எல்லாம் இல்லை. சிலது."

எது என்று கேட்டேன். பதிலுக்கு அவன் வேறொன்றைச் சொன்னான். "ஹோலில மைக் பிடிச்ச அங்கிள், 'மாப்பிள்ளைமார் இப்பவே லைன்ல நில்லுங்கோ' எண்டவர். எல்லாரும் சிரிச்சவை. நீங்கள் அதை வெட்டேல்லை. பின்னால மியூசிக்கும் போட்டிருக்கிறீங்கள். அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

வித்தியாசம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் நாதஸ்வரம் ஏறுகிற மாதிரி நேரம் பார்த்துப் பொருத்தியது நான்தான்.

"அவளிட்டைக் கேட்டனியா?" என்றேன்.

"நீங்கள் கேட்டனீங்களா?"

இல்லை. லிங்க் போடும்போதும் கேட்கவில்லை. அந்த வீடியோவில் முந்நூறு பேர் இருந்தோம், ஒருவரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப ரெண்டு பேரும் அவளிட்டைப் போவம்," என்றேன். அப்பாவின் காருக்குள் ஏறியபிறகு, அங்கே போய் என்ன சொல்வது என்று கேட்டான். செய்ததைச் சொல் என்றேன்.

சித்தி கடைக்குப் போயிருந்தார். தங்கச்சி கராஜ் கதவைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றாள். தம்பி தன் சப்பாத்தைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சொல்லி முடித்தான். நான் என் பங்கைச் சொன்னேன். அவள் அழவில்லை. அண்ணாதான் என்று தெரிந்ததும் ஒரு அடி பின்னால் போனாள். அவ்வளவுதான். அதை அவனும் பார்த்தான்.

எடுத்தாயிற்றா என்று கேட்டாள். தான் போட்டதை எடுத்துவிட்டதாகவும், வேறு இரண்டு பேர் இறக்கி வைத்துத் திரும்பப் போட்டிருப்பதாகவும் சொன்னான்.

"குறூப்பில எழுதுங்கோ. அது என்ட தங்கச்சி எண்டு. உங்கட பேரில."

"அவங்கள் என்னை விடமாட்டாங்கள்."

"என்னை மட்டும் விடுறாங்களா? எழுதினா நான் திங்கக்கிழமை போறன்."

அவன் நின்றபடியே எழுதினான். அனுப்புமுன் அவள் போனை வாங்கி வாசித்தாள். 'சொறி கைஸ்' என்று, அந்தப் பெடியன்களிடம் மன்னிப்புக் கேட்டுத் தொடங்கியிருந்தான்.

"அவங்களுக்கு ஏன் சொறி?"

அதை அழித்தான். மிச்சத்தை அனுப்பினான். சித்திக்குச் சொல்லவேண்டும் என்றேன். இண்டைக்கு வேண்டாம், நாளைக்கு நானே சொல்றன், நீங்களும் போன் கோல்ல இருங்கோ என்றாள். அண்ணாவுக்குப் போய்வாங்கோ சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில், நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள்ளேயே அவனுடைய போன் அதிரத் தொடங்கியது. விட்டு விட்டு அல்ல, தொடர்ந்து. அவன் அதைத் தொடையின்மேல் கவிழ்த்து வைத்து இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தான். நான் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவன் அதை நிமிர்த்தி வாசித்து, ஒரு சிரிப்புப் படம் போட்டு, பகிடிக்குச் சொன்னேன் என்று எழுதிவிடுவானோ என்பதே என் பயமாக இருந்தது.

"அக்கா, இப்ப அவங்கள் என்னை என்ன செய்வாங்கள்?"

"தெரியாது," என்றேன். அது உண்மை. "திங்கக்கிழமை நான் வேலைக்குப் பிந்திப் போறன். உன்னைப் பள்ளிக்கூடத்தில கொண்டுபோய் இறக்கிவிடட்டா?"

மற்ற நாளென்றால், அக்காவோடு வந்து இறங்குவதா என்று துள்ளியிருப்பான். ஓம் என்று தலையாட்டினான். போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.