ஜன்னலில் காய்ந்த சவ்வு

தொண்ணூறுகளின் நடுவில் மைசூர் மண்டி மொஹல்லாவில், ஒற்றை அறை வாடகை வீட்டில் குடியிருந்தோம். மகள் அப்போது கைக்குழந்தை. கௌதள்ளியிலிருந்து பிழைக்க வந்த என் கணவருக்கு, ஊருக்கு வெளியே மருந்துச் சரக்கு தயாரிக்கும் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில் வேலை.

அங்கே மருந்து உருவாவதற்கு கறுப்பான நிக்கல் பொடியைக் கலப்பார்கள். உருவானதும் அந்தக் கரைசலை மெல்லிய சவ்வு ஒன்றின் வழியே அழுத்தி அனுப்புவார்கள். மருந்து அந்தப் பக்கம் போய்விடும், பொடி இந்தப் பக்கமே தங்கிவிடும். கிழிந்த சவ்வுகளைத் தண்ணீர் டிரம்மில் போட்டு வைப்பார்களாம். காயவிடக் கூடாது என்றார்களே தவிர, ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அது அடைமழைக் காலம். தூளிக்குப் பக்கத்து ஜன்னலில் சாரல் அடித்தது. மறைப்புக்கு ஆகும் என்று அவர் கிழிந்த சவ்வு ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்தார்.

"நல்லா அலசிட்டேன் புள்ள. ஒரு பொட்டுக் கறுப்பு இருக்குதா, பாரு" என்றார்.

நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. ஈரத்தோடு கட்டிவிட்டோம்.

மறுநாள் மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடித்தது. குழந்தை தூங்கட்டும் என்று தெருக்குழாய்க்குப் போனேன். குடம் நிறைவதற்குள் எங்கள் சந்திலிருந்து "பெங்கி! பெங்கி!" என்று கூச்சல். கன்னடத்தில் நெருப்பு என்று அர்த்தம். எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். ஊதுவத்தி உருட்டிப் பிழைக்கும் கன்னடக்காரி. குழந்தையை முழங்கைகளுக்குள் அணைத்துப் பிடித்திருந்தாள். குழந்தைக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. எரிந்துகொண்டிருந்த சவ்வை வெறுங்கையால் பிய்த்து எறிந்தவளின் இரண்டு உள்ளங்கைகளிலும் அது உருகி ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் காலைப் பிடித்து அழுதேன். "அழாதீங்க அக்கா. கூசுக்கு ஒண்ணும் ஆகலியல்லா?" என்று குழந்தையைப் பற்றித்தான் கேட்டாள். அந்த விரல்கள் பிறகு விரியவே இல்லை. அவள் ஊதுவத்தி உருட்டவும் இல்லை.

நிக்கல் பொடி காய்ந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத பொடியைப் பிடித்து வைக்கத்தான் அந்தச் சவ்வையே செய்திருந்தார்கள். நாங்கள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, குழந்தையின் தலைமாட்டில் கட்டினோம்.

இன்றும் எதையாவது பார்த்துச் சுத்தம் என்று சொல்ல வாயெடுத்தால், விரியாத அந்த இரண்டு கைகள் முன்னால் வந்து நிற்கின்றன. நான் வாயை மூடிக்கொள்கிறேன்.