திங்கட்கிழமைக் கையெழுத்து

டியூஷன் வீட்டுக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. உட்பக்கம் ஒன்றும் கிடையாது. பின்னால் இருந்த கொட்டகையிலிருந்து ஆடுகள் வந்து நுழைந்துவிடும் என்று அப்படி வைத்திருந்தார்கள். ஆட்டுக்காகப் போட்ட அந்தத் தாழ்ப்பாளுக்குப் பின்னால் என் மகள் ஒரு வியாழக்கிழமை மாலை ஆறு இருபதிலிருந்து ஏழு இருபத்தைந்து வரை இருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் முயலவும் இல்லை.

உத்திரமேரூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை எல்லாவற்றையும் தட்டச்சு செய்வது, நான்கு எல்லைகளைச் சரிபார்ப்பது, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவது என் வேலை. எழுதாத தாளில் கையெழுத்துப் போட நீட்டிய கையை எத்தனையோ முறை தடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அன்று நடந்ததை நாட்குறிப்பில் நேரத்தோடு எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது. கணவருக்கு வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் வேலை. எட்டு மணிக்கு முன்னால் வரமாட்டார். மகளுக்கும் உத்திரமேரூரில்தான் பள்ளிக்கூடம்; வேன் நாலு மணிக்கே ஊரில் இறக்கிவிட்டுவிடும். நான் பஸ் பிடித்து ஊர் வந்து சேர ஆறேகால் ஆகும். இடையில் இருக்கும் அந்த இரண்டேகால் மணி நேரத்துக்குத்தான் டியூஷன்.

அதை நடத்தியவர் எங்கள் ஊரில் நிலபுலம் உள்ள வீட்டு மருமகள், பி.எட். முடித்தவர். என்னைவிடப் பத்து வயது சிறியவர் என்றாலும் ஊரே அவரை மிஸ் என்றுதான் கூப்பிடும். முன்கூடத்தில் இருபத்தாறு பிள்ளைகள் உட்காரும். சுண்டல் கொடுத்து, வீட்டுப்பாடம் எழுதவைத்து, ஆறரைக்கு அனுப்பிவிடுவார். காஞ்சிபுரத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்த பிறகு பாதுகாப்பு விதிகள் என்று ஏழு விதிகளை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். நான்காவது விதி: அழைத்துச் செல்பவரின் கையெழுத்து இல்லாமல் குழந்தை வெளியே போகக்கூடாது. அதற்கென்று ஒரு நீளப் பதிவேடும் போட்டார். நான்தான் அதற்கு ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்துக் கொடுத்தேன்.

ஒரு மாதம் ஒழுங்காக நடந்தது. நடவு வேலை தொடங்கியதும் வாசலில் கூட்டம் சேர்ந்தது. சேற்றுக் கையோடு வருகிறவர்கள், கம்பெனி வேனிலிருந்து இறங்கி ஓடி வருகிறவர்கள், எல்லோருக்கும் அவசரம். "தினம் தினம் இது ஒரு பேஜாரு மிஸ்" என்று யாரோ சொல்ல, "அப்படீன்னா திங்கக்கிழமையே ஆறு நாளுக்கும் சேத்துப் போட்டுடுங்க" என்றார் மிஸ். போட்டோம். நானும் போட்டேன். ஆறு கட்டங்களில், ஒன்றுபோல, கீழே தேதியோடு.

அந்த வியாழக்கிழமை என் பஸ் வழியில் பஞ்சராகி நின்றது. மிஸ்ஸுக்கு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. அன்று மாலை பழையசீவரத்தில் அவர்கள் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். சீக்கிரம் கிளம்புவதற்காக ஆறு பத்துக்கே பிள்ளைகளை அனுப்பத் தொடங்கியிருக்கிறார். கடைசியில் பதிவேட்டைப் பார்த்தார். எல்லாக் கட்டங்களிலும் கையெழுத்து இருந்தது. பின்கட்டுக்குப் போய், யாராவது இருக்கிறார்களா என்று ஒரு குரல்கூடக் கொடுக்காமல், கழிப்பறைத் தாழ்ப்பாளைத் தள்ளினார். வீட்டைப் பூட்டினார். போய்விட்டார்.

ஆறு ஐம்பத்தைந்துக்கு நான் வந்து பூட்டைப் பார்த்தேன். வீட்டுக்கு ஓடினேன், தெரிந்த மூன்று வீடுகளுக்கு ஓடினேன். திரும்ப வந்தபோது, பால் கறக்க வந்த எதிர்வீட்டுக்காரர், "யம்மா, உள்ளாற இன்னாமோ டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குது பாரு" என்றார். அவரே கடப்பாரையால் வீட்டுப் பூட்டை உடைத்தார். பின்கட்டுக்கு ஓடிக் கழிப்பறைத் தாழ்ப்பாளை நீக்கினேன். பிளாஸ்டிக் மக்கால் கதவை அடித்து அடித்து மக்கு பிளந்திருந்தது. உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. குரல் போயிருந்தது. "நான் கூப்டேம்மா, கூப்டேம்மா" என்று வெறும் காற்றாகச் சொன்னாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மிஸ் வீட்டு வாசலில் நின்றேன். அவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருந்தால் எனக்குப் போதுமாயிருந்திருக்கும். அவர் பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார்.

"இது உங்க கையெழுத்துதானே அக்கா? கூட்டிக்கினு போயிட்டதா போட்டுக்கீறீங்க. அப்புறம் பொண்ணு எப்படி உள்ள வந்துச்சு?"

"மிஸ், அது திங்கக்கிழமை போட்டது. உங்களுக்கே தெரியும்."

"எனக்கு இன்னா தெரியும்? பேப்பர்ல இருக்கறதுதான் தெரியும். நாங்க போன பின்னாடி செவுரேறிக் குதிச்சு கொய்யாக்கா பறிக்க வந்திருக்கும். கக்கூஸ் கதவ அடிச்ச வேகத்துல தாப்பா தானா வுழுந்திருக்கும். கொழந்தைங்கதானே." பிறகு குரலைத் தாழ்த்தி, "பத்திர ஆபீஸ்ல வேல செய்யறவங்க நீங்க. கையெழுத்துன்னா இன்னான்னு நான் சொல்லணுமா?" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஓர் அடி நான் வாங்கியதில்லை. திரும்பிவிட்டேன். இரண்டு நாளில் ஊர் முழுக்க அதுவே கதையாயிற்று. பள்ளிக்கூடத்தில் என் மகளுக்கு 'செவுரு' என்று பெயர் வைத்தார்கள். "ஏய் செவுரு, கொய்யா கீதா?" என்று கேட்பார்களாம். ஒரு நாள் அவள் என்னிடம், "நான் ஒருவேள குதிச்சிருப்பேனாம்மா? மறந்துட்டேனா?" என்று கேட்டாள். அன்றைய குறிப்பில் அந்தக் கேள்வியை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். பூட்டு உடைந்தது, கை புண்ணானது எல்லாம் ஆறும். நடந்ததை நடக்கவில்லை என்று ஒரு குழந்தையே நம்பத் தொடங்கினால் அது ஆறாது. அந்த மனுஷி தன் கையால், அதே பதிவேட்டில், அதே கட்டத்துக்குப் பக்கத்தில் உண்மையை எழுத வேண்டும். அதுவரை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் மகளை வேனில் ஏறவிடாமல் அலுவலகத்துக்கு வரவழைத்து என் மேஜைக்கடியில் உட்காரவைத்தேன். அவளோடு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து வந்து, டியூஷன் வீட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தத்துக் கட்டையில் உட்கார்ந்துகொள்வேன். அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் நாட்குறிப்பு எழுதுவேன். எந்தக் குழந்தை எத்தனை மணிக்கு, யாரோடு வெளியே வந்தது என்று முப்பத்தொன்பது மாலைகள் எழுதினேன். மிஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

பிறகு காஞ்சிபுரம் அதிகாரிகளுக்கு ஒரு மனு தயார் செய்தேன். எனக்குத் தெரிந்த முறையில், பத்திரம் போலவே. கழிப்பறைக்குச் சொத்து விவரம் எழுதினேன்: வடக்கில் ஆட்டுக்கொட்டகை, தெற்கில் சமையலறைச் சுவர், கிழக்கில் ஆறரை அடி மதில், மேற்கில் கொய்யா மரம். நீளம் நாலடி, அகலம் மூன்றரை அடி. வெளிப்புறம் தாழ்ப்பாள் ஒன்று, உட்புறம் ஏதுமில்லை. ஆறரை அடி மதில் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டேன். என் மகளின் உயரம் மூன்றடி பத்தங்குலம்.

மனு விஷயம் எப்படியோ வெளியே கசிந்தது. மூன்று தாய்மார்கள் வீட்டுக்கு வந்தார்கள். கம்பெனிக்குப் போகிற ஒருத்தி நேராகக் கேட்டாள்: "இன்னாக்கா, மூட வெக்கப் போறியாமே? உம்பொண்ணுக்கு மேஜைக்கடியில எடம் கீது. எம்பொண்ண நான் இன்னா, மிஷினுக்கடியிலயா உக்கார வெப்பேன்?"

"உம்பொண்ணு எத்தன மணிக்கு வூடு வந்து சேருதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"ஆறரைக்கு. எங்க மாமியார் கூட்டியாருவாங்க."

நான் நாட்குறிப்பைத் திறந்து காட்டவில்லை. அவர்கள் போன பிறகு யோசித்தேன். மூடிவிட்டால் மிஸ் பாவப்பட்டவர் ஆகிவிடுவார். என் மகள் சுவரேறிக் குதித்ததும் போதாமல் டியூஷனை மூடவைத்தவள் ஆகிவிடுவாள். எனக்கு அது போதாது. அவர்கள் எல்லோரும் நிற்கும்போது மிஸ் உண்மையை எழுத வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை மாலை, எல்லோரும் ஆறு நாள் கையெழுத்துப் போட வரிசையில் நின்றபோது, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். மனுவை மிஸ் முன்னால் வைத்தேன். என்ன எழுத வேண்டும் என்று சொன்னேன்.

"மாட்டேன்னா இன்னா செய்வீங்க?" என்றார்.

நாட்குறிப்பைப் பிரித்துப் படித்தேன். "செவ்வாய். ஆறு ஐம்பத்திரண்டு. சிவப்பு ரிப்பன், யு.கே.ஜி. குழந்தை. தனியாகச் சாலையைக் கடந்தது. கூட்டிப்போக யாரும் வரவில்லை. புதன். ஆறு ஐம்பது. அதே குழந்தை, தனியாக. வியாழன். ஏழு மணி. அதே குழந்தை. ஹெல்மெட் போட்ட, முகம் தெரியாத ஒருவர் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்."

அன்று மாமியாருக்குப் பதிலாக வந்திருந்த கம்பெனிக்காரி வரிசையிலிருந்து வெளியே வந்தாள். "செவப்பு ரிப்பனா? யக்கா, அது எம்பொண்ணுக்கா. பைக்ல யாரு?"

"எனக்குத் தெரியாது. மிஸ்ஸைக் கேளு."

"மிஸ், யாரு அது?"

மிஸ் பதிவேட்டைப் பார்த்தார். அதில் மாமியார் கையெழுத்து மட்டும் இருந்தது. "உங்க சொந்தக்காரருன்னு நெனச்சேன்..." என்றார்.

"நெனச்சியா? எம்பொண்ண எவங்கிட்டயோ நெனச்சு அனுப்புனியா நீ?"

நான் நிறுத்தவில்லை. அடுத்த பக்கம் படித்தேன், அதற்கடுத்த பக்கமும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தாயின் முகம் மாறியது. அந்த முகங்களை நான் ரசித்துப் பார்த்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. நான் பதினோராவது பக்கத்துக்கு வந்தபோது மிஸ் பேனாவை எடுத்து, பதிவேட்டில் அந்த வியாழக்கிழமைக் கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதினார்: "குழந்தை உள்ளே இருந்தது. பார்க்காமல் நான் பூட்டிவிட்டேன். சுவரேறி வந்தாள் என்று சொன்னது பொய்." கையெழுத்துப் போட்டு, பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"உங்க கையெழுத்து மட்டும் நெஜமாக்கா? அதையும் எழுதுங்க."

"ஆமா, எழுதுக்கா. நாங்களும்தானே எழுதணும்" என்றாள் கம்பெனிக்காரி. எழுதினேன்: "அழைத்துப் போகாத நாளுக்கு முன்கூட்டியே கையெழுத்திட்டது நான்தான்." பத்திரங்களில் எத்தனையோ பேரின் ஒப்புதலை எழுதியிருக்கிறேன். என்னுடையது அதுதான் முதல். மகள் எட்டி நின்று மிஸ் எழுதியதை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "அப்ப செவுரு இல்லியா?" என்று கேட்டாள். "இல்ல" என்றாள் மகள். நான் எழுதியதையும் படித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

தாழ்ப்பாள் உள்பக்கம் மாறிவிட்டது. திங்கட்கிழமைக் கையெழுத்து நின்றுவிட்டது. மகள் தன் தோழிகளுக்காக மறுபடி அங்கேதான் போகிறாள். ஆறரைக்கு மிஸ் ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். நான் சீக்கிரம் வந்தாலும் உள்ளே போவதில்லை. வாசலில் நின்று, அவர் வாயால் என் மகள் பெயர் வரும்வரை காத்திருக்கிறேன். அவருக்கும் அது தெரியும்.

அந்த மனு இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. தேதி மட்டும் போடவில்லை. கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டேன்.