தர்சினியைப் படம் எடுத்த பத்து நிமிடம்

சுவரில் அடித்த நீலப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. சாய்ந்து நின்ற என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சின்ன அறை முழுக்க பெயிண்ட் வாசமும், இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ வாசமும்...

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் நான் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த காலம். கல்யாணங்கள் குறைந்ததும் முதலாளி ஒரு யூடியூப் சேனல் தொடங்கினார். கஷ்டப்படும் குடும்பத்தைக் காட்டுவது, வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்த்து உதவி அனுப்புவது... அப்போது ஊரெல்லாம் அதே பைத்தியம். புண்ணியமும் வியூஸும் ஒன்றாகக் கிடைக்கும் என்று நாங்களும் கிளம்பினோம்.

டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து எடுக்கும் செல்வமணி அக்காவின் வீடு. கணவர் மரக்கிளை வெட்டப் போய் விழுந்து, முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஆபரேஷனுக்கு உதவி வேண்டும். மகள் தர்சினி பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வரிசையாக ஒட்டிக்கட்டிய அந்தத் தொழிலாளர் லயத்திலிருந்து முதன்முதலாக கேம்பஸ் போகப்போகிற பிள்ளை என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

எங்கள் லயங்களில் வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். பக்கத்து வீட்டு நாற்காலி வரும். பூப்போட்ட கோப்பை அலுமாரியை விட்டு இறங்கும். அக்கா நல்ல சேலை கட்டி நின்றார். எவ்வளவு கஷ்டம் இருந்தாலும் வந்தவர் முன்னால் குறைவாக நிற்கக்கூடாது. நானும் அப்படி வளர்ந்தவன்தான்.

முதலாளி சுற்றிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்.

"இதப் பாத்தா எவன் உதவி செய்வான்? எல்லாத்தையும் தூக்கச் சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பாங்க."

சொன்னேன். நானும் லயத்துப் பையன் என்பதால் மறுபேச்சில்லாமல் கேட்டார்கள். நாற்காலி போனது, டீவி போனது. அக்கா கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் பழைய உடுப்பில் வந்தார். தர்சினி மட்டும் ஸ்கூல் யூனிபோர்மை மாற்றாமல் நின்றாள்.

"அண்ணே, என் மொகத்த மட்டும் காட்டாதீங்க. ஸ்கூல்ல எல்லாரும் பாப்பாங்க."

"பத்து நிமிசந்தான் தங்கச்சி. அப்பாவுக்காக."

அப்பா என்றதும் உள்ளே போய் யூனிபோர்மை மாற்றினாள். பழைய சட்டையோடு வந்து நின்று அழுதாள். நான் ஸூம் பண்ணினேன். அவள் வெட்கத்தில் அழுதாள். நாங்கள் அதற்கு வறுமை என்று தலைப்பு வைத்து, சோக மியூசிக் போட்டு, அவள் முகத்தையே தம்ப்நெயிலாகவும் வைத்தோம்.

வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. உதவி வந்தது, ஆபரேஷனும் நடந்தது. பொய் சொல்லக்கூடாது, அந்த மனுஷன் இன்று எழுந்து நடக்கிறார்.

ஆனால் தர்சினி ஏறும் பஸ்ஸில் பையன்கள் அதே மியூசிக்கைப் போனில் போட்டுவிடுவார்களாம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஸ்கூலுக்கே போகவில்லை. பரீட்சையும் எழுதவில்லை.

அன்று நாற்காலியைத் தூக்கச் சொல்ல நான் தேவைப்பட்டேன். இன்று கமரா வருகிறது என்றாலே வீட்டுக்காரர்களே எல்லாவற்றையும் ஒளித்துவைத்துவிட்டு, எங்கே நின்று அழவேண்டும் என்று கேட்கிறார்கள். பழக்கிவிட்டவர்களில் நானும் ஒருவன்.

போன மாதம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் செல்வமணி அக்காவைக் கண்டேன். ஒதுங்கிப் போய்விடலாம் என்று பார்த்தால், அவரே கூப்பிட்டார். முகத்தில் கோபமே இல்லை... அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த வீடியோவை எடுத்துவிட முடியுமா என்று மட்டும் கேட்டார். முதலாளி சேனலை யாருக்கோ விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார் என்றேன். தர்சினி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"கொழும்புல துணிக்கடையில நிக்கிது தம்பி. எந்நேரமும் மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் நிக்குமாம். கொரோனா முடிஞ்சு எத்தன வருசமாச்சு... அது இன்னும் கழட்டலயாம்."