முக்கோண எழுத்தில் வந்த கடிதம்

அக்கா கனடாவில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். வடக்கே பனிக்கரைகளில் வாழும் இனுயிட் மக்களைக் கப்பலில் ஏற்றிவந்து அங்கே வருடக்கணக்கில் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தியிடம் அக்கா அவர்களுடைய இனுக்டிடூட் மொழியைப் படிக்கத் தொடங்கினாள்.

“எழுத்தையே திருப்பி வைக்கினமடி. முக்கோணம் மேலே பார்த்தால் ‘இ’, வலப்பக்கம் பார்த்தால் ‘உ’, இடப்பக்கம் பார்த்தால் ‘அ’. வேற கரையளில இங்கிலீசு எழுத்திலயும் எழுதுவினமாம்” என்று எழுதி, ஓர் எழுத்து அட்டவணையும் அனுப்பியிருந்தாள். நான் அப்போது இங்கே ஊருக்குப் பக்கத்தில், சீனன்குடாவில் தட்டெழுத்து வேலை. பஸ்ஸில் போகும்போது அதைப் பாடமாக்கினேன். பதிலுக்கு ‘அக்கா’ என்று அந்த எழுத்தில் எழுதி அனுப்பினேன்.

அடுத்த வருடம் அந்த நோய் அவளையே பிடித்தது. அதே ஆஸ்பத்திரியில் படுத்தாள். பிறகு தந்திதான் வந்தது.

இரண்டு மாதம் கழித்து, முழுக்க அந்த எழுத்திலேயே ஒரு கடிதம் வந்தது. மாதா கோயிலுக்குக் கொண்டுபோனேன். பங்குச் சுவாமி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எது மேல், எது கீழ் எண்டே விளங்கேல்லை, மகள்.”

குசினியில் அம்மாவைக் கதிரையில் இருத்தி, அட்டவணையை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒன்றும் புரியவில்லை. நடுவில் அக்காவின் பெயர் வந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நாலாம் வரியில் த, ன், னி என்று கூட்டியவள் நின்றுவிட்டேன்.

“தண்ணி எண்டோ கிடக்கு?” என்றாள் அம்மா.

“ஓம் அம்மா.”

அவர்கள் தண்ணீரை ‘இமிக்’ என்பார்கள் என்று அக்கா முன்பே எழுதியிருந்தாள். இது எங்கள் சொல்.

கடிதத்தைப் பிரதி எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பல மாதம் கழித்து அதன் பொருளை இங்கிலீசில் எழுதி அனுப்பினார்கள். கடிதத்தை எழுதியவள் அக்காவுக்கு மொழி படிப்பித்த அந்தப் பெண்தான்; பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள். கடைசி நாளில் காய்ச்சலில் அக்கா இந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தாளாம். தனக்கு விளங்கவில்லையாம். கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாளாம். தாய்க்கு விளங்கும் என்று எழுதினாளாம்.

கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “பிறகெண்டாலும் குடுத்தவையோ?” என்றாள்.

அதைப் பற்றித் தாளில் ஒன்றும் இல்லை.

“ஓம், குடுத்தவை எண்டு கிடக்கு” என்றேன்.

அம்மாவுக்கு இங்கிலீசு வாசிக்க ஏலாது. அதன் பிறகு வேறு யாரும் அந்தத் தாளை அவளுக்கு வாசித்துக்காட்ட நான் விட்டதில்லை.